டாக்கோ ட்ரக்கா, டெக்ஸ்-மெக்ஸா, செயின் கடையா?

போன மாதம் ஊரிலிருந்து சித்தி, சித்தப்பா, தம்பி குடும்பம் எல்லாரும் ஹூஸ்டன் வந்திருந்தார்கள். பியர்லாண்ட் மீனாட்சி கோயில், நாசா என்று இரண்டு நாள் சுற்றி முடித்ததும் தம்பி ஆரம்பித்துவிட்டான். "அக்கா, டெக்சஸ் வரைக்கும் வந்துட்டு மெக்சிகன் சாப்பிடாம போனா எப்படி? ஆனா ஒரிஜினல் கடையா இருக்கணும், வெள்ளைக்காரனுக்காகப் பண்ற டூப்ளிகேட் எல்லாம் வேண்டாம்." சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டான். சித்தி சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. சித்தப்பா கோழியும் ஆடும் சாப்பிடுவார், மாட்டையும் பன்றியையும் தொட மாட்டார். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் எதுவும் தடையில்லை. பிள்ளைகள் இரண்டும் மிளகாயைக் கண்ணால் பார்த்தாலே தண்ணீர் கேட்கிற ரகம். இந்தக் கூட்டத்தை எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது?

இதே கேள்வியை வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கடைக்கு இங்கே பஞ்சமே இல்லை, அதுதான் சிக்கலே. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவில் இருக்கும் உணவகங்களில் சுமார் 11 சதவீதம் மெக்சிகன் சாப்பாடு போடுகிறவை. கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) 85 சதவீதத்தில் குறைந்தது ஒரு மெக்சிகன் கடையாவது உண்டு. அந்தக் கடைகளில் பத்துக்கு நாலு கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும்தான். ஆக, நாங்கள் இருப்பது குவியலின் நடுவில்.

முதலில் இந்த 'ஒரிஜினல்' பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் அது ஓயாது. மெக்சிகோ முழுக்க ஒரே சமையல் கிடையாது. தெற்கே ஒஹாகாவில் பல வகை வற்றல் மிளகாயை வறுத்து அரைத்து, சாக்லேட்டும் சேர்த்துக் கறுப்பாக மோலே என்ற குழம்பு வைப்பார்கள். வடக்கே சொனோராவில் அது வீட்டுச் சாப்பாடு அல்ல, அங்கே சுட்ட மாட்டிறைச்சியும், டோர்ட்டியா என்ற, நம் சப்பாத்தி மாதிரி கோதுமை ரொட்டியும்தான். கோதுமை டோர்ட்டியாவைப் பார்த்ததும் "இது அமெரிக்க வேலை, உண்மையான டோர்ட்டியா மக்காச்சோளத்தில்தான் செய்வார்கள்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சொனோராக்காரர் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார். நாச்சோஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பியெத்ராஸ் நெக்ராஸ் என்ற ஊரில், 1940களில், இக்னாசியோ அனாயா என்ற மெக்சிகோக்காரர், எல்லை தாண்டி வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் மனைவிமாருக்குக் கையில் கிடைத்த டோர்ட்டியா, சீஸ், ஹாலப்பேன்யோ மிளகாயை வைத்துச் சட்டென்று போட்டுக் கொடுத்த தட்டு அது. இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாக நாச்சோ என்பார்கள். இப்போது சொல்லுங்கள், அது எந்த நாட்டுச் சாப்பாடு?

அதனால் நான் 'ஒரிஜினலா' என்று கேட்பதை விட்டு ரொம்ப நாளாகிறது. எந்த ஊர்ச் சாப்பாடு, டோர்ட்டியா எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டைத்தான் கேட்பேன்.

சரி, செயின் கடைகளிலிருந்து தொடங்கலாம். டாக்கோ பெல் என்ற துரித உணவுச் செயினைத் திட்டுவது இங்கே ஒரு பொழுதுபோக்கு. அதன் கதை தெரிந்தால் கொஞ்சம் நிதானித்துத் திட்டுவோம். 1950களில் க்ளென் பெல் என்பவர் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஹாட்டாக் கடை வைத்திருந்தார். எதிரே மெக்சிகோ குடும்பம் ஒன்று 1937 முதல் நடத்திவந்த மிட்லா கஃபே. அங்கே டோர்ட்டியாவை மொறுமொறுப்பாகப் பொரித்து இறைச்சி வைத்துக் கொடுத்த டாக்கோவுக்குத்தான் கூட்டம். அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பார்த்து, செய்முறையைக் கற்றுக்கொண்டு, முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைக்கும் ஓடாக அதை மாற்றி, 1962-இல் டவுனி என்ற ஊரில் டாக்கோ பெல்லைத் திறந்தார். ஆக அந்த மொறுமொறு டாக்கோவுக்கும் ஒரு மெக்சிகன் பாட்டி உண்டு. மிட்லா கஃபே இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பேத்தியைப் பாட்டி ஊரில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1992-இல் ஒரு தடவை, 2007-இல் ஒரு தடவை என்று டாக்கோ பெல் மெக்சிகோவுக்குப் போய்ப் பார்த்தது. இரண்டாம் தடவை அந்த மொறுமொறு டாக்கோவை அங்கே டாக்கோ என்று சொல்ல முடியாமல் 'டாக்கோஸ்தாதா' என்று பெயர் மாற்றி, கூடவே உருளைக்கிழங்கு ஃப்ரைஸும் வைத்து விற்றார்கள். இரண்டு முயற்சியும் கடையைச் சாத்துவதில்தான் முடிந்தது.

பரிட்டோ விற்கும் செயினான சிப்போட்லே வேறு கிளை. ஸ்டீவ் எல்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவில் சமையல்காரராக இருந்தபோது அங்கே மிஷன் பகுதியில் விற்கும், டோர்ட்டியாவில் சோறும் கறியும் வைத்துச் சுருட்டிய தலையணை அளவு பரிட்டோவைப் பார்த்துவிட்டு, 1993-இல் டென்வரில் கடை போட்டார். மிஷன் பரிட்டோவே 1960களில் அந்த நகரத்தில் உருவானதுதான். வட மெக்சிகோவில் பரிட்டோ என்றால் விரல் கனத்தில், ஒன்றிரண்டு சமாச்சாரம் மட்டும் உள்ளே வைத்துச் சுருட்டியது, சோறெல்லாம் கிடையாது. நகலின் நகல் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, அதன் பெரிய நன்மையையும் சொல்ல வேண்டும்: உள்ளே என்ன போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இல்லை, சோற்றில் கோழிச் சாறு இல்லை, டோஃபுவில் செய்த மசாலா ஒன்றும் உண்டு. சித்தி மாதிரி ஆட்களுக்கு நெடுஞ்சாலைப் பயணத்தில் இதைவிட நிம்மதியான இடம் அமெரிக்காவில் குறைவு. ருசி? எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸில் வளர்ந்த மெக்சிகன் சமையல். நான் இருக்கிற ஊர் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்காமலே சூடான சிப்ஸும் சல்சா என்ற மிளகாய்ச் சட்னியும் வரும். எத்தனை தடவை கேட்டாலும் நிரப்புவார்கள். அப்புறம் இரும்புக் கல்லில் சுரீர் என்று புகை கக்கிக்கொண்டு ஃபஹீட்டா (டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிடும் சுட்ட துண்டுகள்) ஹாலைக் கடந்து வரும்போது நாலு மேசைத் தலைகளும் திரும்பும். மஞ்சள் சீஸ், மிளகாயும் சீரகமும் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பை மேலே ஊற்றிய என்சிலாடா, ஓரமாகச் சிவப்புச் சோறு, மசித்த பீன்ஸ். மெக்சிகோ சிட்டியில் இந்தத் தட்டைக் காட்டினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. 1972-இல் டயானா கென்னடி என்ற பிரிட்டிஷ் சமையல் எழுத்தாளர், மெக்சிகோவின் உள்நாட்டுச் சமையல் ஒன்று, எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைக்கும் காம்பினேஷன் தட்டு வேறு என்று கோடு கிழித்தார். அதோடு 'டெக்ஸ்-மெக்ஸ்' என்ற சொல்லே பாதி வசவு மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டெக்சஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவாகவே இருந்த நிலம். எல்லைதான் நகர்ந்தது, அங்கிருந்த குடும்பங்கள் பல இடத்தைவிட்டு நகரவே இல்லை. சான் அன்டோனியோ சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மெக்சிகன் பெண்கள் இரவில் விளக்கு வைத்து அண்டாவில் மிளகாய்க் குழம்பு விற்றார்கள், 'சில்லி ராணிகள்' என்று பெயர். சுகாதாரத் துறை கெடுபிடியில்தான் அந்தக் கடைகள் மறைந்தன. ஹூஸ்டன் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நின்ஃபா லாரென்சோ என்ற அம்மா, கணவர் இறந்து, டோர்ட்டியா தொழிற்சாலை நொடித்துப்போகிற நிலையில், ஐந்து பிள்ளைகளோடு, 1973-இல் அந்தத் தொழிற்சாலையின் முன்பகுதியிலேயே பத்து மேசை போட்டார். நாவிகேஷன் தெருவில். தணலில் சுட்ட மாட்டிறைச்சியை நறுக்கி, கையால் செய்த கோதுமை டோர்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். பிறகு நாடு முழுக்க ஃபஹீட்டா என்று பரவியதற்கு அந்தக் கடை ஒரு முக்கியக் காரணம். ஃபாஹா என்றால் இடுப்புப் பட்டை. மாட்டின் வயிற்றுப் பக்கம் பட்டையாக வரும், விலை போகாத துண்டு அது, தெற்கு டெக்சஸ் பண்ணைகளில் வேலையாட்களுக்குப் போய்ச்சேர்ந்த கறி. இதை 'டூப்ளிகேட்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தெற்கு டெக்சஸின் சொந்தச் சாப்பாடு. என்ன, மெக்சிகன் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டதால் வந்த வம்பு. (டல்லாஸில் மரியானோ மார்ட்டினஸ் 1971-இல் ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து மார்கரிட்டா என்ற மதுபானத்தை உறையவைத்து ஊற்றினாரே, அந்த மெஷின் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நியாயமான மரியாதை.)

ஆனால் சைவக்காரர்களுக்கு டெக்ஸ்-மெக்ஸ் கண்ணிவெடி வைத்த வயல். அம்மா வந்திருந்தபோது ஒரு கடையில் சீஸ் என்சிலாடா சொன்னேன். "இறைச்சி இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டேன், பரிமாறுகிற பையனும் இல்லை இல்லை என்று தலையாட்டினான். அவன் பொய் சொல்லவில்லை, உள்ளே வெறும் சீஸ்தான். மேலே ஊற்றியிருந்த குழம்பில்தான் மாட்டிறைச்சித் துணுக்குகள் மிதந்தன. அம்மா முதல் வாய் வைத்துவிட்டு, "ஏண்டி, இது என்ன சோயாவா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு மோர்சாதம்தான். அப்போதிலிருந்து நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது: பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போடுவீர்களா, சோறு கோழிச் சாற்றில் வெந்ததா, குழம்பில் இறைச்சி இருக்கிறதா, டோர்ட்டியா மாவில் என்ன கொழுப்பு? நாலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'வெஜிடேரியனா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

மூன்றாவது, தம்பி மனதில் வைத்திருந்தது: டாக்கேரியா என்கிற டாக்கோ கடையும் டாக்கோ ட்ரக்கும். ஹூஸ்டனில் லாங் பாயின்ட் சாலைப் பக்கம் போனால் டயர் கடை வாசலிலும் கார் கழுவும் இடத்து ஓரத்திலும் நிற்கும். லாஸ் ஏஞ்சலஸில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1974-இல் ஒருவர் பழைய ஐஸ்கிரீம் வண்டியை மாற்றி டாக்கோ விற்க ஆரம்பித்ததுதான் இன்றைய கிங் டாக்கோ. டாக்கோ இங்கே உள்ளங்கை அளவுதான். சின்ன சோள டோர்ட்டியா இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இறைச்சி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைத் துண்டு, பச்சை சல்சா, சிவப்பு சல்சா. மஞ்சள் சீஸ் கிடையாது, லெட்யூஸ் கிடையாது. "கோன் தோதோ?" என்று கேட்பார்கள், எல்லாம் போடட்டுமா என்று அர்த்தம். சீ என்று சொன்னால் போதும் (ஸ்பானிஷில் அது ஆமாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்).

ட்ரக்கில் நான் முதலில் தேடுவது அல் பாஸ்தோர் கம்பி. நெருப்புக்குப் பக்கத்தில் செங்குத்தாகச் சுழலும் கம்பியில், வற்றல் மிளகாயும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதை விழுதும் தடவிச் சிவந்த பன்றி இறைச்சித் தகடுகள் கோபுரம் மாதிரி அடுக்கியிருக்கும், உச்சியில் பாதி அன்னாசி. நீளக் கத்தியால் வெந்த மேல்தோலை மட்டும் சீவி இடது கையில் இருக்கும் டோர்ட்டியாவில் விழவைத்து, அதே வீச்சில் உச்சியிலிருந்து ஒரு சில்லு அன்னாசியைத் தட்டிவிட்டு, அது காற்றில் வரும்போதே டாக்கோவில் பிடிப்பார்கள். இதைப் பார்த்ததும் ஷவர்மா ஞாபகம் வந்தால் தப்பில்லை. லெபனானிலிருந்து மெக்சிகோவின் புவெப்லாவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த கம்பிதான் அது. பாஸ்தோர் என்றால் ஆட்டிடையன். ஆடு போய் பன்றி வந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'ஒரிஜினல்' தேடுகிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற டாக்கோவே ஒரு கலப்புக் கல்யாணத்துப் பிள்ளை என்பது எனக்கு எப்போதும் சந்தோஷமான விஷயம். எல்லா ட்ரக்கிலும் கம்பி இருக்காது. நறுக்கி ஊறவைத்த இறைச்சியைத் தட்டைக் கல்லில் வதக்கி அதே பெயரில் விற்பார்கள், பாதி ருசிதான் வரும்.

பலகையில் இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். அசாதா என்றால் சுட்ட மாட்டிறைச்சி, பொய்யோ கோழி, கர்னீத்தாஸ் தன் கொழுப்பிலேயே வெந்த பன்றி, லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, திரிபா குடல். நாக்கும் குடலும் பலகையில் இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஊர் ஆட்களே வந்து சாப்பிடும் கடை என்று எடுத்துக்கொள்ளலாம், எனக்கு இந்தக் கணக்கு அதிகம் தப்பியதில்லை. சித்தப்பாவுக்குப் பொய்யோ மட்டும்தான் ஆகும், அதுவும் மாடும் பன்றியும் வதங்கிய அதே கல்லில். சித்திக்குச் சீஸ் கேசடியா (சீஸை டோர்ட்டியாவில் வைத்து மடித்துச் சுட்டது) கிடைக்கும், கல் அதேதான். உட்கார நாற்காலி இருக்காது, பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்காது, பல இடங்களில் ரொக்கம்தான். விலை மட்டும் மனசுக்கு இதம்: நான் போகிற ட்ரக்கில் ஒரு டாக்கோ மூன்று டாலருக்குள், டெக்ஸ்-மெக்ஸ் கடையில் ஒரு தட்டு டிப்ஸோடு சேர்த்து இருபத்தைந்தைத் தொடும்.

இன்னொரு வழி, வட்டாரச் சமையலைச் சிரத்தையாகச் செய்யும் பெரிய உணவகங்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1994 முதல் ஒஹாகா சாப்பாடு போடும் கெலகெட்சா, சிகாகோவில் ரிக் பேலெஸின் ஃப்ரண்டேரா கிரில், எங்கள் ஊரில் ஹூகோ ஓர்தேகாவின் ஹூகோஸ். ஓர்தேகா மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே பாத்திரம் கழுவியவர், 2017-இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். மோலே சாப்பிட வேண்டுமென்றால் இந்த மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டும், ட்ரக்கில் தேடாதீர்கள். ஆனால் காரம் ஆகாத இரண்டு பிள்ளைகளோடு, தலைக்கு ஐம்பது அறுபது டாலர் செலவில், வெள்ளை நாப்கின் மடித்த மேசைக்கு... அதை நான் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

டோர்ட்டியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் கடைகளை நான் தரம் பிரிப்பது அதை வைத்துத்தான். நல்ல சோள டோர்ட்டியாவுக்கு, காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, தோல் கழன்றதும் கழுவி அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்பில்தான் மணமும் வருகிறது, மாவும் ஒட்டிக்கொள்கிறது, சோளத்தில் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோன ஐரோப்பாவில் ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலாக்ரா நோய் வந்தது. இதைத் தினமும் செய்கிற கடை அமெரிக்காவில் அபூர்வம். பெரும்பாலான டாக்கேரியாக்களில் பாக்கெட் மாவோ பாக்கெட் டோர்ட்டியாவோதான், மெக்சிகோவிலேயே பாக்கெட் மாவு ஏகத்துக்கும் பரவிவிட்டது. சோதிக்க எளிய வழி: வெறும் டோர்ட்டியாவை ஒரு துண்டு கிள்ளி வாயில் போடுங்கள். சோள மணம் மேலேறி வந்தால் கடை உருப்படியானது. அட்டை மாதிரி இருந்தால் சல்சாவை நம்பிச் சாப்பிட வேண்டியதுதான்.

கடைசியில் நான் செய்தது இதுதான். மத்தியானம் எல்லாரையும் வீட்டுக்குப் பக்கத்து டெக்ஸ்-மெக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே நாலு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள், டோர்ட்டியா மாவுக்குத் தாவர எண்ணெய்தான். சித்திக்குத் தனிக் கல்லில் காய்கறி ஃபஹீட்டா, குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல், மசிக்காத கறுப்பு பீன்ஸ், சித்தப்பாவுக்குக் கோழி, பிள்ளைகள் கேசடியாவையும் சிப்ஸையும் தின்றே வயிற்றை நிரப்பிக்கொண்டார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா உருண்டை பிடித்து, உருட்டி, கல்லில் போட்டுக் கோதுமை டோர்ட்டியா சுட்டுக்கொண்டிருந்தார். சித்தி சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் அங்கேயே நின்று பார்த்தாள். "நம்ம சப்பாத்திக்கு இவ்வளவு மெத்துனு வரலியேடி" என்று சொன்னவள், பாஷை தெரியாமலேயே அந்த அம்மாவிடம் கை ஜாடையில் மாவுப் பக்குவம் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். தம்பி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டான். மஞ்சள் சீஸாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவனையும் அவன் மனைவியையும் மட்டும் லாங் பாயின்ட்டுக்கு அழைத்துப்போனேன். கம்பி சுழன்றது, அன்னாசி பறந்தது, தம்பி ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்தான். "இதுதான்க்கா ஒரிஜினல்" என்று நாலாவது டாக்கோவைக் கையில் எடுத்தபோது, ட்ரக்குக்குள்ளே இருந்த பையன் குனிந்து சூப்பர் மார்க்கெட் பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்து, உள்ளிருந்த டோர்ட்டியாக்களைக் கல்லில் பரப்பினான். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன்.

"அக்கா, அப்ப மத்தியானம் சாப்பிட்டது?"

"ஆறிப்போகுது, சாப்பிடு."

எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே இன்னும் இரண்டு சொல்லச் சொன்னான், கோன் தோதோ.